மஞ்சள் மாத்திரையும் எங்கள் வீட்டு ரத்தமும்

பிப்ரவரி 9

லிஃப்ட் மெக்கானிக்கும் தற்சமயம் ஏழாம் வார்டில் ஓய்வெடுப்பவருமான என் அண்ணன் பெரிய மனிதருக்கு,

உன் வாலு எழுதுவது. நான் நலம், அம்மா நலம். அப்பாவும் நலம், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. அதைக் கேட்டுக் கேட்டு உன் உயிரை எடுக்க அங்கே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். நேற்று எதைப் பார்த்துச் சிரித்தாய் என்று மட்டும் எழுது.

போன் வேண்டாம், கடிதம் போடுங்கள் என்று நீ சொன்னபோது அம்மாவுக்கு முகம் வாடிப்போனது. "ஆளில்லாம குரல் மட்டும் வர்ற சமாச்சாரம் எங்கிட்ட ஏற்கனவே நிறைய இருக்கும்மா, அதுல போன் வேறயா?" என்று நீ கேட்டதும் அவளே சிரித்துவிட்டாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. காகிதம் என்றால் கையில் பிடித்துப் பார்க்கலாம். எழுதியது வாலா, உன் மண்டைக்குள் கூடும் கமிட்டியா என்று சந்தேகம் வந்தால் எழுத்துப்பிழைகளை எண்ணு. கமிட்டிக்கு இவ்வளவு பிழை விடத் தெரியாது.

உன் பிழைப்புக்கு வேட்டு வைக்கும் காரியம் ஒன்று செய்தேன். நம் கட்டட லிஃப்டுக்குள் ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: 'இந்த லிஃப்ட் இன்று முதல் குரல் கேட்டு இயங்கும். மாடி எண்ணைத் தெளிவாக, உரக்கச் சொல்லவும்.' உன் பழைய சட்டையில் இருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்து வரைந்து கீழே போட்டேன். மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார் உள்ளே நின்றுகொண்டு "மூணு!" என்றார். அசையவில்லை. "மூணு! மூணு!" ஊஹூம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "தயவுசெஞ்சு மூணு" என்றார். அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடியில் யாரோ பொத்தானை அழுத்த, லிஃப்ட் கிளம்பியது. "பாத்தியா, மரியாதையா கேட்டா கேக்குது" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே போனார். நான் படிக்கட்டில் சிரித்து உருண்டேன்.

போன வாரம் நாங்கள் வந்தபோது என் ஜோக்குக்குச் சரியான இடத்தில் சிரித்தாய், கவனித்தாயா? முன்பெல்லாம் இரண்டு நிமிடம் கழித்து, வேறு யாருடைய ஜோக்குக்கோ சிரிப்பாய். அந்த மஞ்சள் மாத்திரைக்கு ஒரு கோயில் கட்டலாம். திரும்பும் வழியில் அம்மா பஸ்ஸில் அழுதாள். நல்ல அழுகைதான், பயப்படாதே.

உடம்பை நீ பார்த்துக்கொள், மண்டையை மாத்திரை பார்த்துக்கொள்ளும்.

அறுந்தது அறுந்தபடி,
வாலு

*

மார்ச் 2

வாலுக்கு,

அண்ணன் சுகம். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? கடிதத்தைப் பிரித்ததும் பிழைகளை எண்ணினேன். சந்தேகமே இல்லை, நீதான்.

அந்த அறிவிப்பை உடனே கிழி. வாத்தியார் கம்பெனிக்குப் புகார் எழுதினால் நான் வேலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக என்னை நானே விசாரிக்க வேண்டிவரும். (கிழிப்பதற்கு முன் ஐந்தாம் மாடி வக்கீலும் கத்தினாரா என்று எழுது.)

கமிட்டி கலைந்துவிடவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆகிவிட்டது. என் காதுக்குள் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நான் பத்திரிகையில் ஒரு பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறேன். முன்பு கொடுத்த மருந்துகள் எதுவும் கேட்காமல் போய், கடைசியாகத்தான் இந்த மஞ்சள் மாத்திரைக்கு வந்தார்கள். இதற்கு மேல் கையில் வேறு மருந்து இல்லை என்று டாக்டரம்மா சொன்னார்.

ஒரே வில்லங்கம், சிலருக்கு இது ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களை அழித்துவிடுமாம். கிருமிகளோடு சண்டை போடும் படை அதுதான். படை இல்லாவிட்டால் சாதாரணச் சளிகூட ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் வாராவாரம் ரத்தம் எடுத்து எண்ணுகிறார்கள். எண்ணிக்கை போதுமானால் பச்சை, குறைந்தால் ஆரஞ்சு. ஒரு கோட்டுக்குக் கீழே போனால் சிவப்பு, அன்றோடு மாத்திரை நிறுத்தம். இருபது வருடம் பஸ் ஓட்டியவரின் மகன் ரத்தத்துக்கும் சிக்னல் வைத்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொல். என் எண்ணிக்கை எப்போதும் பச்சையின் விளிம்பிலேயே நிற்கிறதாம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெயிண்டர். அவனும் நம்மைப் போல எங்கிருந்தோ வந்த குடும்பம்தான், ஆனால் நம் மொழி இல்லை. அவனுக்கும் மஞ்சள் மாத்திரை. சுவரைப் பார்த்து, "ஒரு கோட் அடிச்சுட்டு ரெண்டு கோட்டுக்குக் காசு வாங்கியிருக்கான் திருடன்" என்று தினமும் திட்டுகிறான். நோய் என்று எழுதிக்கொண்டார்கள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு கோட்தான்.

கோடைக்குள் வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு. அப்பா ஏன் வருவதே இல்லை? டூட்டியா?

அம்மாவைக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைக்க வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 19

விளிம்பில் நிற்கும் வீரனுக்கு,

இங்கே மூவரும் நலம். உன் நலத்தை உன் கையெழுத்தே சொல்லிவிட்டது. வரி நேராகப் போகிறது.

வக்கீல் கத்தவில்லை. "ஐந்து" என்று எழுதிக் காட்டினார். அறிவிப்பைக் கிழித்துவிட்டேன்.

சிக்னல் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். "செவப்பு விழுந்தா நிக்கணும். நின்னவன் எவனும் செத்ததில்ல" என்றார். அவருக்கு எல்லாமே ரோடுதான். வராததற்கு டூட்டிதான் காரணம், வேறொன்றும் இல்லை. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

நேற்று பள்ளியிலிருந்து அவர் ஓட்டிய பஸ்ஸிலேயே வந்தேன். முன் சீட்டுக்காரர் சும்மா இருக்காமல், "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார்.

"இங்கதான்."

"அதில்ல, அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி முந்தின ஸ்டாப்பு."

பஸ்ஸே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடியில் என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். நம் வீட்டுச் சட்டம் அதுதானே. யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், 'இங்கதான்'. உன்னைச் சேர்த்த அன்றைக்குக் கவுன்ட்டர் பெண் "எந்த இனம்?" என்று கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? "இந்த ஊர்க்காரங்கன்னு போடுங்க" என்றார் அப்பா. அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே தட்டினாள். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தார்.

என் செய்தி: இரண்டு ஞானப்பல் கோணலாக முளைத்திருக்கிறது. மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்க வேண்டுமாம். இருந்த கொஞ்சம் ஞானமும் போகப்போகிறது. அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. அண்ணன் வழியில் தங்கை.

கோடைக்கு உன் அறையிலிருந்து என் சாமான்களை எடுத்துவிடுவேன். பாதியை.

இப்போதைக்குப் பல்லுடன்,
வாலு

*

ஏப்ரல் 11

வாலுக்கு,

எல்லோரும் சுகம்தானே? பல் பிடுங்கியாகிவிட்டதா?

எனக்குச் சிவப்பு விழுந்துவிட்டது. மறுநாள் திரும்ப எடுத்தார்கள், திரும்பவும் சிவப்பு. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. சளி, தொண்டைப் புண் எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். "திரும்ப எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றேன். "செவப்பு விழுந்தவங்களுக்குத் திரும்ப ஆரம்பிக்கறதில்ல" என்றார் டாக்டரம்மா.

என் அடுத்த கேள்வி கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. நம் வீட்டில் உப்பு கேட்டாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும், உனக்குத் தெரியும். கையையும் ஆட்டியிருப்பேன். லிஃப்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் விளக்கு சரியா என்று பார்ப்போம், லிஃப்டை இடிக்க மாட்டோம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கையை ஆட்டாமல் லிஃப்டை எப்படி விளக்குவது? நர்ஸ் இடுப்பில் இருந்த அலாரத்தை அழுத்தினார். மூன்று பேர் வந்து பிடித்துக்கொண்டார்கள். ஊசி. விழித்தபோது மறுநாள்.

கூடத்தின் அந்தப் பக்கம் ஒரு வங்கிக்காரர் இருக்கிறார். தலைமுறை தலைமுறையாக இந்த ஊர். தினமும் தட்டை வீசுவார். "சாருக்கு இன்னிக்கு மனசு சரியில்ல போல" என்று டீ கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். அவருக்கு மாத்திரைதான். நான் குற்றம் சொல்லவில்லை, பார்த்ததை எழுதுகிறேன்.

இனிமேல் எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு பெரிய ஊசி. இடையில் சத்தம் போட்டால் கூடுதலாக ஒன்று. பெயிண்டருக்கும் போன வாரம் இதே கதை.

ரேடியோ மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 20

அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை என்று தெரிந்தும் நலமா என்று எழுத என் பேனா மறுக்கிறது. அதற்காவது கொஞ்சம் ஞானம் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் உறையை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். ஆகவே நான் வாக்குத் தவறவில்லை, உறைதான் தவறியது.

என் பல் தள்ளிப்போய்விட்டது. ரத்தத்தில் ஏதோ சரியில்லையாம், திரும்ப எடுக்க வேண்டுமாம். எனக்கு ஒன்றுமில்லை. நேற்றுகூட மதில் ஏறி, பி.டி. வாத்தியாரின் விசிலுக்குள் பஞ்சு அடைத்தேன். அவர் ஊதி ஊதிக் கன்னம் சிவந்து, கடைசியில் வாயாலேயே "பீப், பீப்" என்றார்.

சிரித்தாயா? எந்த இடத்தில் என்று எழுது. அப்பா உன்னைக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு வருகிறோம்.

வாலு

*

மே 14

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நாங்கள் சுகம் என்ற வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். அடித்தது தெரிகிறதா?

ஞாயிறு வந்தோமே, நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். சட்டைக் காலர் எச்சிலில் நனைந்திருந்தது. அம்மா துடைத்தாள். நீ என்னைப் பார்த்து, ரொம்ப நேரம் கழித்து, "வாலு" என்றாய். நான் விசில் கதையை நடித்தே காட்டினேன். நீ உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது தானாக எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ஊசிக்குப் போகிறவர்களைக் கதவோரம் வரிசையாக உட்கார வைத்தார்கள். மாத்திரைக்காரர்கள் மேஜைப் பக்கம். எந்தப் பக்கம் எந்த முகம் என்று பார்க்கப் படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. தூக்கம் வந்தால் விட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு தூங்கு.

என் ரத்தத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். எனக்கும் வெள்ளணு குறைவு. உன் அளவுக்கே குறைவு. நான் வாழ்நாளில் விழுங்கிய மாத்திரை தலைவலிக்கு மட்டும்தான். பல் ஆஸ்பத்திரி டாக்டர் அவசரத்தில் இருந்தார், தலையைத் தூக்காமலே, "நோய் இல்ல, உன் ரத்தமே இப்படித்தான் போல. சில இனத்துக்காரங்களுக்குப் பரம்பரையா இப்படி இருக்கும். நீங்க எந்த ஆளுங்க?" என்றார். வாய் தானாக, "இங்கதான்" என்றது. "அட்ரஸ் கேக்கலம்மா, தாத்தாவைக் கேட்டேன்" என்றார்.

புரிகிறதா அண்ணா? மாத்திரை உன் படையைத் தின்னவே இல்லையோ என்னவோ. நம் படையே சின்னப் படை. கோடு போட்டவர்கள் வேறு யாருடைய ரத்தத்தையோ எண்ணிக் கோடு போட்டிருக்கிறார்கள்.

ஞாயிறன்றே உன் டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "அப்படிப்பட்டவங்களுக்குக் கோட்டைக் கொஞ்சம் எறக்கி வெக்கலாம், உண்மைதான். ரத்த டாக்டர் பாத்து எழுதணும். ஆனா உங்க அண்ணன் ரெக்கார்டுல இந்த ஊர்னு இருக்கே" என்றார்.

"டாக்டர், என் மூஞ்சியப் பாருங்க."

"மூஞ்சியப் பாத்து மருந்து எழுத முடியாதும்மா. உங்கண்ணனையே கேட்டோமே. 'இங்கதான்'னாரு."

பாவி, அந்த நிலையிலும் வீட்டுச் சட்டத்தை மீறவில்லை நீ.

அம்மா அன்றைக்கே ரத்தம் கொடுத்தாள். அவளுக்கு எண்ணிக்கை தாராளம். ஆக, இது அப்பா பக்கத்து ரத்தம். அவர் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும், யார், எங்கிருந்து என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் ரத்த டாக்டர் பார்ப்பாராம்.

அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். உன்னைக் கேட்டார்.

பதில் ஒரு வரி போதும்.

வாலு

*

ஜூன் 3

வாலு

சுகம். தூக்கம் வருகிறது. எழுத்து கோணல், மன்னி.

அப்பா கேட்டார் என்று நீ எழுதுவது நீயாக எழுதுவது. தெரியும். பரவாயில்லை, எழுது.

பெயிண்டர் இப்போது சுவரைத் திட்டுவதில்லை.

அ

*

ஜூன் 10

அண்ணா,

சுகம் என்று நீ எழுதிய அந்த நாலு வரியை அம்மா தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, மிதிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சரி, இனிமேல் உள்ளதைத்தான் எழுதுவேன். அப்பா உன்னைக் கேட்கவில்லை. உன் பெயர் வந்தால் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிடுகிறார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்கிறார். நேற்று பெரிய சண்டை.

"ஃபாரத்துல அந்தக் கட்டத்துல நம்ம இனத்துப் பேரு விழுந்தா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாது" என்றார் என்னிடம். "டிப்போவுல நான் சேந்தப்ப எங்கூட ஆறு பேரு. உண்மையா எழுதிக் குடுத்தவன் அத்தன பேரும் இன்னிக்கும் கடைசி ரூட்டுல ஒடஞ்ச வண்டி ஓட்றான். நான் ஒருத்தன்தான் எழுதல. அதுலதான் நீங்க படிச்சீங்க."

"அது டிப்போப்பா. இது ஆஸ்பத்திரி."

"எல்லாம் ஒரே கட்டம்தான். இன்னிக்கு மாத்திரைக்குன்னு கேப்பான். நாளைக்கு எதுக்குக் கேப்பான்? அதுவுமில்லாம செவப்புடீ. செவப்புக்குக் கோட்ட எறக்கி வெச்சுப் பச்சைன்னு சொல்லச் சொல்றீங்க. அவனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

அண்ணா, எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. நான் வழக்கம்போல ஏதோ உளறினேன். சிக்னலே ரிப்பேர்னா போலீஸ்காரர் கை காட்டுவாரில்லப்பா என்று. அவர் முறைத்தார்.

அப்போது அம்மா பேசினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கத்தாமல். நம் வீட்டில் கத்தாமல் பேசினால் எவ்வளவு பயமாக இருக்கிறது தெரியுமா?

"நீங்க பேப்பர்ல இந்த ஊருன்னு எழுதுனீங்க. சரி. ஊசி குத்த வந்தவன் பேப்பரப் படிச்சானா? மூஞ்சியத்தான பாத்தான்? மூஞ்சிக்கு ஊசியும் வாங்கிட்டான், பேப்பருக்கு மாத்திரையும் பறிகுடுத்துட்டான். ரெண்டு பக்கமும் போச்சு. எந்தப் பக்கத்துல அவன நீங்க காப்பாத்துனீங்க, சொல்லுங்க."

அப்பா குழாயைத் திறக்கப் போகவில்லை. அங்கேயே நின்றார். பிறகு சட்டை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினார். அவருக்கு நேற்று விடுமுறை.

மேலே ஒன்றும் தெரியாது. தெரிந்தால் எழுதுகிறேன். நீ பதில் எழுத வேண்டாம். எழுதினால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாலு

*

ஜூலை 1

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

இங்கு யாவரும் சுகம். உன் சுகத்தை எழுதவும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. டிப்போவுக்குத் தாமதக் காரணம் எழுதியதுதான் பழக்கம். அது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ரத்தம் கொடுத்தேன். எனக்கும் குறைவுதான் என்று இன்று சொன்னார்கள். ஐம்பத்தாறு வயதுவரை அந்த ரத்தத்தோடுதான் ஓட்டியிருக்கிறேன்.

ரத்த டாக்டரின் அறையில் ஒரு பெண் விவரம் கேட்டாள். நீங்கள் யார், உங்கள் குடும்பம் எங்கிருந்து என்று. சொன்னேன். என் அப்பா யார், அவருடைய அப்பா எங்கிருந்து கிளம்பினார், ஏன் கிளம்பினார், வழியில் யார் யார் இறந்தார்கள் எல்லாம் சொன்னேன். அவள் கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டேன். நிறுத்த முடியவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அவள் தட்டச்சு செய்வதை விட்டுவிட்டுக் கேட்டாள். கடைசியில் ஒரு வார்த்தைதான் தட்டினாள். அவ்வளவுதான் இடம் போலிருக்கிறது.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்று எழுதித் தருகிறார்கள். நீ சம்மதித்தால்தான். ஆபத்து அறவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கேட்டேன், சொல்ல முடியாது என்றார்கள். உனக்கு ஏதாவது ஆனால் வழியைத் திறந்துவிட்டவன் நான்தான். ஆகாமல் நீ இப்படியே இருந்தாலும் அதற்கும் நான்தான். இதை யோசித்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியவில்லை. லீவு போட்டிருக்கிறேன்.

அன்றைக்கு உன் வார்டுக் கதவு வரை வந்தேன். கண்ணாடி வழியாக நீ தெரிந்தாய். உள்ளே வரவில்லை. அடுத்த முறை வருவேன்.

நான் உன்னைக் கேட்டதாக உன் தங்கை எழுதியதெல்லாம் நான் சொல்லச் சொன்னது இல்லை. ஆனால் பொய்யும் இல்லை.

இப்படிக்கு உன் அப்பா

*

செப்டம்பர் 6

வாலுக்கு,

அண்ணன் சுகம். இந்தத் தடவை அந்த வார்த்தையை யோசித்துத்தான் எழுதுகிறேன். நீங்கள் மூவரும் எப்படி? பல் என்ன ஆயிற்று? மாதக்கணக்காகப் பல்லைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பவள் நீயில்லையே, வலிக்கிறதா? யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்கிறேன்.

மஞ்சள் மாத்திரையை அரை மாத்திரையிலிருந்து ஆரம்பித்து மெதுவாக ஏற்றினார்கள். ஊசியைக் குறைத்துக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். எண்ணிக்கை அதே இடத்தில்தான் நிற்கிறது. அதற்கு இப்போது பச்சை என்று பெயர். தூக்கத்தில் எச்சில் ஒழுகித் தலையணை நனைகிறது, உடம்பு ஊதிவிட்டது. ஆனால் ரேடியோ பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. உன் பழைய கடிதங்களை எல்லாம் ஒரே மூச்சில் படித்தேன். "பீப், பீப்" என்ற இடத்தில் சிரித்தேன். ஏப்ரல் ஜோக்குக்குச் செப்டம்பரில் சிரிப்பு, பொறுத்துக்கொள்.

அப்பா வாரம் தவறாமல் வருகிறார். என் காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கிறார். இல்லாத காய்ச்சலை.

எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. பெயிண்டரைப் பற்றி. அவன் ரெக்கார்டில் இனம் சரியாகத்தான் எழுதியிருக்கிறது, ஒளிக்க அவனோடு அப்பா என்று யாரும் வரவில்லை. ஆனால் அதை எழுதி வைத்ததோடு சரி, ரத்த டாக்டரிடம் யாரும் அனுப்பவில்லை. எனக்கு நீ இருந்தாய், டாக்டரம்மாவை வழிமறிக்க. அவனுக்கு வருகிறவர் இல்லை. நாள் முழுக்கச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். நான் முந்தாநாள் டாக்டரம்மாவிடம் போய், "அவனுக்கும் பாக்கலாமே டாக்டர்" என்றேன். "நீங்க உங்க உடம்பப் பாருங்க" என்றார். "அவன் உடம்பை யாரு பாக்கறது?" என்றேன்.

சத்தம் கொஞ்சம் ஏறிவிட்டது. கையும் மேலே போய்விட்டது. உடனே பார்த்தேன், நர்ஸின் கை இடுப்புக்குப் போனது, அலாரத்துக்கு. நல்ல பெண்தான் அவள், எனக்குப் பத்திரிகை எடுத்துவைப்பவள். அவளுக்கே தெரியாமல் போகிறது அந்தக் கை.

நான் கையை இறக்கிவிட்டேன். குரலையும் தாழ்த்திக்கொண்டேன். "சாரி டாக்டர்" என்றுவிட்டுக் கட்டிலுக்கு வந்தேன். "நல்ல முன்னேற்றம்" என்று கட்டிலில் தொங்கும் என் பலகையில் எழுதினார்கள். வாலு, குரலைத் தாழ்த்தியது மாத்திரையா, பயமா? அன்றிலிருந்து யோசிக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

நீ ஞாயிறு வா. அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. நால்வரும் கூடத்தின் நடுவில், வங்கிக்காரருக்குப் பக்கத்து மேஜையில் உட்காருவோம். பெயிண்டரையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். விசில் கதையைக் கையை வீசி முழுசாகச் சொல்லு. நம் வீட்டில் சொல்வது போலவே சத்தமாகச் சொல்லு. நான் உன்னைப் பார்க்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. யார் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

உடம்பையும் பல்லையும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்